திறக்காத டீசல் பரல்

போன கிழமை நீங்கள் ஐந்து பேரும் என் வீட்டுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மழை இருட்டுகிறது, வேளைக்கு வெளிக்கிடுங்கள் என்று சொல்லிக் கதையை மாற்றிவிட்டேன். மழை வரவில்லை என்பதை நீங்கள் வழியில் கவனித்திருப்பீர்கள்.

"சேர், அந்த நேரம் வன்னியில சோலர் பூட்டினதால எவ்வளவு டீசல் மிச்சம் பிடிச்சனீங்கள்?" இதுதான் கேள்வி. கேட்டவர் நல்ல பிள்ளை, தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். ஆனால் இதே கேள்வியை ஒரு காலத்தில் மாதா மாதம் நான் ஒரு மனிதரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்டதால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் தீவுகளுக்குப் போகப்போகிறீர்கள். டீசல் ஜெனரேற்றரை நம்பியிருக்கும் ஊர்களில் சூரியத் தகடும் காற்றாடியும் பூட்டி, எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்கப்போகிறீர்கள். நல்ல வேலை. தகடு எத்தனை வேண்டும், வயர் எவ்வளவு தடிப்பு, பற்றறி எந்த வகை என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் கதிரையில் இருந்தபடியே தீவில் உள்ள பற்றறியின் நிலையைத் தொலைபேசியில் பார்க்கிறீர்கள். எங்களிடம் இருந்தவை மூன்று சின்ன விளக்குகள். பச்சை, மஞ்சள், சிவப்பு. அவ்வளவுதான்.

நான் வேலை செய்தது கடல் சூழ்ந்த தீவில் இல்லை. ஆனால் மின்சாரத்தைப் பொறுத்தவரை அப்போது வன்னியும் ஒரு தீவுதான். வவுனியாவைத் தாண்டினால் அரசாங்க மின்கம்பி கிடையாது. வைத்தியசாலையோ அரிசி ஆலையோ, எங்கே ஒரு பல்ப் எரிய வேண்டுமென்றாலும் பின்வளவில் ஒரு எஞ்சின் இருமிக்கொண்டு எழும்ப வேண்டும். சண்டைக் காலத்தில் அந்த எஞ்சினுக்கும் டீசல் இல்லை, அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஸ்ராட் எடுப்பதற்கு மட்டும் சேலைன் குழாயால் நாலு சொட்டுப் பெற்றோல் விடுவோம். டீசலைச் சோடாப் போத்தலில் அளந்து, போத்தலுக்குக் கோடு கீறி வைத்திருந்தோம். பிறகு சமாதான ஒப்பந்தம் வந்தது, பாதை திறந்தது, டீசல் பரல் பரலாக, பெரிய தகரப் பீப்பாய்களில், வந்து இறங்கியது. ஆனால் அதைத் தொட எங்களுக்கு மனம் வரவில்லை. பசி கிடந்தவனுக்கு முன்னால் சோற்றை வைத்தாலும் பாதியை நாளைக்கென்று எடுத்து வைப்பான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

முல்லைத்தீவுக் கடற்கரையோரமாக ஒரு சின்ன வைத்தியசாலை. பெயர் வேண்டாம். இரண்டு வாட்டு, ஒரு பிரசவ அறை, பின்னால் தகரக் கொட்டிலில் ஒரு ஜெனரேற்றர். வைத்தியர் கிழமைக்கு இரண்டு நாள் வந்து போவார். மற்ற நாட்களில் அந்த இடத்தைக் கொண்டு நடத்தியவர் அங்கிருந்த மருத்துவமாது. ஐம்பது வயதிருக்கும். கரை முழுக்க அவரை 'மிஸி' என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். எங்கே போவதென்றாலும் சைக்கிளில்தான் போவார். எந்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை மாதம், எந்த ஊசி மிச்சம் என்று கொப்பி பார்க்காமல் சொல்லுவார்.

2003ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அந்த வைத்தியசாலைக்குச் சூரியத் தகடுகள் பூட்டினோம். முக்கியமான காரணம் ஒரு பிறிட்ஜ். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்துகள் அதற்குள் இருந்தன. முக்கூட்டு ஊசி, சின்னமுத்து என்ற தட்டம்மைக்கான ஊசி, போலியோச் சொட்டு. அதற்கு முதல் அந்த மருந்துகளை ஐஸ் பெட்டியில் தூரத்திலிருந்து கொண்டுவந்து, ஐஸ் கரைவதற்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐஸ் கிடைக்காத மாதம் ஊசியும் இல்லை. பிறிட்ஜ் வந்த பிறகு மாதத்தில் ஒரு கிளினிக் நாள் தவறாமல் நடந்தது. தாய்மார் மணலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்து வந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்த குளிரை நம்பித்தான் அவ்வளவு பேரும் வந்தார்கள். அந்தக் குளிருக்குப் பொறுப்பு நான்.

எஞ்சினையும் தகடுகளையும் பார்த்துக்கொள்ள அங்கே முத்துராசு என்று ஒருவர் இருந்தார். மலையகத் தோட்டமொன்றிலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி மிளகாய்த் தோட்டம் செய்தவர்களில் ஒருவர். நாற்பது வயது. தடைக்காலம் முழுவதும் அந்த எஞ்சினைச் சாகவிடாமல் வைத்திருந்தவர் அவர்தான். பிரசவம் என்றால் உடனே எஞ்சினைப் போடமாட்டார். கதவுக்கு வெளியே நின்று, "மிஸி, தலை தெரியுதுங்களா?" என்று கேட்பார். தெரிகிறது என்று மிஸி சத்தம் போட்டால்தான் கைபிடியைச் சுற்றுவார். அரைப் போத்தல் டீசலில் ஒரு பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரத் தெரிந்த மனிதர்.

அவருக்கு நான் சொல்லிக் கொடுத்தது மிகச் சுருக்கம். பச்சை எரிந்தால் பேசாமல் இருங்கள். மஞ்சள் எரிந்தால் பற்றறி இறங்குகிறது, அன்றைக்கே எஞ்சினைப் போட்டு நாலு மணித்தியாலம் ஏற்றுங்கள். சிவப்பை நீங்கள் காணவே கூடாது. அவசரத்துக்கென்று ஒரு பரல் டீசல் சீல் உடைக்காமல் கொட்டிலில் வைத்துவிட்டு வந்தேன்.

மாதம் ஒருமுறை எங்கள் அலுவலகம் இருந்த கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் போவேன். போய் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "முத்துராசு, பரல் எப்பிடி?"

"தொறக்கவே இல்லீங்க ஐயா!"

சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். நான் முதுகில் தட்டுவேன், அவர் சிரிப்பார். ஆவணியில் அந்தப் பரலுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி ஒரு படம் எடுத்து அலுவலகச் சுவரில் மாட்டினேன். கூட்டங்களில் மற்ற ஊர்க்காரர்களுக்கு அவரைக் காட்டினேன். "இந்த மனுசனைப் பாருங்கோ, ஒரு சொட்டு டீசல் எரிக்கேல்லை" என்றேன். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் போனது. அடுத்தமுறை போனபோது கொட்டில் வாசலில் எனக்காக வேட்டி கட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு மாரி தொடங்கியது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வன்னியில் மாரி என்றால் உங்களுக்குத் தெரியும், ஒரு கிழமைக்குச் சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியாது. தகடுகள் மழையில் குளித்துக்கொண்டு சும்மா கிடந்தன. அந்த மூன்று மாதமும் நான் போனேன், அதே கேள்வியைக் கேட்டேன், அதே பதில் வந்தது. தொறக்கவே இல்லீங்க ஐயா.

இங்கே நில்லுங்கள். வெயில் இல்லை. எஞ்சின் ஓடவில்லை. பிறிட்ஜ் மட்டும் ஓடுகிறது. இது எப்படி நடக்கும்? முதலாம் வருடப் பெடியனைக் கேட்டாலும் நடக்காது என்பான். நான் கேட்கவில்லை. எனக்குப் பிடித்த பதில் கிடைத்துக்கொண்டிருந்தது, அதைக் கெடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. மடையன். வேறு சொல் இல்லை.

தைப்பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முன் அம்புலன்ஸ் சாரதி ஒருவர் செய்தி கொண்டுவந்தார். மிஸி உடனே வரச் சொன்னாராம். காலையில் வெளிக்கிட்டு, வெள்ளம் நின்ற ரோட்டில் மோட்டார் சைக்கிளைத் தள்ளியும் உருட்டியும் பத்து மணிபோல் போய்ச் சேர்ந்தேன். மிஸி பிறிட்ஜுக்கு முன்னால் ஒரு ஸ்ரூலில் இருந்தார். கையில் போலியோ மருந்துப் போத்தல் ஒன்று.

அந்தப் போத்தலில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சின்னச் சதுரமும் இருக்கும். மருந்தில் சூடு படப்பட அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டு வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தை எறிய வேண்டும். மிஸி காட்டிய போத்தலில் சதுரம் இன்னும் அந்த நிறத்துக்கு வரவில்லை. ஆனால் பாதி வழி போயிருந்தது.

"இது போன மாசம் வந்த மருந்து" என்றார். "இவ்வளவுக்கு மாறக்கூடாது. நான் காலமை எட்டு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் பிறிட்ஜின்ர சூட்டைப் பாத்துக் கொப்பியில எழுதுறனான். ஒரு நாளும் பிழையில்லை. கொப்பி சரியெண்டுது, போத்தல் பிழையெண்டுது. தம்பி, நான் ஆரை நம்புறது?"

"பாப்பம் மிஸி, பதறாதேங்கோ" என்றேன்.

"நாளைக்குக் கிளினிக். தாய்மார் விடிய வெளிக்கிட்டிடுவினம். கெதியாப் பாருங்கோ."

பிறிட்ஜைப் பார்த்தேன், குறையில்லை. பற்றறிக்குப் போனேன், பச்சை எரிந்தது. வயரைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாகப் பின்பக்கம் நடந்தேன். கொட்டிலின் உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், நான் பூட்டாத ஒரு சுவிச் இருந்தது. பிறிட்ஜுக்குப் போகும் வயர் அதனூடாகப் போனது. வேலை சுத்தம். மூட்டுகளுக்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டி அழகாகச் சுற்றியிருந்தது.

முத்துராசு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இது என்ன?" என்றேன்.

"சுவிச்சுங்க."

"அது தெரியுது. என்னத்துக்கு?"

அவர் எட்டி அந்த ரியூப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார், "மஞ்சள் எரிஞ்சா எஞ்சின் போடணும்னு சொன்னீங்க. நான் மஞ்சள் எரியாம பாத்துக்கிட்டேங்க."

மிஸி வேலை முடிந்து போனதும் ஆறு மணிக்கு இவர் பிறிட்ஜை நிற்பாட்டுவாராம். விடியப்புறம் நாலு மணிக்குத் திரும்பப் போடுவாராம். எட்டு மணிக்கு மிஸி வந்து பார்க்கும்போது குளிர் பழைய இடத்துக்கு வந்துவிடும். "கதவத் தொறக்கலன்னா ஐஸ் பொட்டி விடிய விடிய குளிராத்தானே இருக்கும் ஐயா? ராவுல யாரு தொறக்கப் போறா? சும்மா எதுக்குக் கரண்ட்டைக் குடிக்கணும்னு நெனச்சேன்."

"எப்ப துவக்கம்?"

"ஐப்பசில மழை புடிச்சதிலருந்து."

கள்ளம் செய்த மனிதர் இல்லை அவர். டீசலைச் சோடாப் போத்தலில் அளந்து ஒரு வைத்தியசாலையைக் காப்பாற்றியவர். அதே கெட்டித்தனத்தைத்தான் இப்போதும் காட்டியிருந்தார். அதற்கு மாதா மாதம் முதுகில் தட்டிக் கொடுத்தது நான்.

"மிஸிகிட்ட சொல்லிடாதீங்க ஐயா" என்றார். "இப்பவே கழட்டிடுறேன். இனி தினமும் எஞ்சின் போடுறேன். இந்த வேலைய விட்டா எனக்கு வேற இல்லீங்க." கண் கலங்கியிருந்தது.

நான் அந்தப் பரலின் மேல் ஏறி இருந்தேன். உங்களுக்கு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நான் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கவில்லை. அலுவலகச் சுவரில் தொங்கும் படத்தைப் பற்றி யோசித்தேன். அடுத்த மாதம் வேலையைப் பார்க்க, தகடுகளுக்குப் பணம் தந்த வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள் என்று யோசித்தேன். சுவிச்சைக் கழற்றினால் ஒருவருக்கும் தெரியாது என்று யோசித்தேன். அப்படியே ஒரு வசனத்தையும் தயார் செய்துகொண்டு எழும்பினேன்.

மிஸியிடம் போய், "வயரில ஒரு சின்னப் பிழை. இப்ப திருத்தியாச்சு" என்றேன்.

"எவ்வளவு நேரம் நிண்டிருக்கும்?"

"ஒரு நாள், ரெண்டு நாள் இரவில விட்டுவிட்டு நிண்டிருக்கும் போல."

பெரிய பொய் என்று கூடச் சொல்ல முடியாது. பிழை வயரில்தான் இருந்தது, இரவில்தான் நின்றது. நாட்களை மட்டும் குறைத்துச் சொன்னேன். மிஸி நீளமாக மூச்சு விட்டார். போத்தல்களை எடுத்து ஒரு தட்டில் அடுக்கத் தொடங்கினார்.

"அப்ப இதுகளை எறிஞ்சுபோட்டு முல்லைத்தீவில புதுசு எடுப்பம். ஐயோ தம்பி, நான் பயந்தே போனன். போன மூண்டு கிளினிக்கில போட்ட பிள்ளையளுக்கெல்லாம் பழுதான மருந்தைப் போட்டிட்டனோ எண்டு ராத்திரி முழுக்க நித்திரையில்லை. கடவுளே எண்டு அதுகள் தப்பிட்டுதுகள்."

அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. நான் வீரமாக முடிவெடுத்தேன் என்று நினைக்காதீர்கள். இன்னும் ஒரு நிமிடம் அவர் பேசாமல் போத்தல்களை அடுக்கியிருந்தால் நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

"மிஸி, நான் சொன்னது பிழை" என்றேன். "ஐப்பசியில இருந்து ஒவ்வொரு இரவும் நிண்டிருக்கு."

அவர் கையில் இருந்த போத்தலைத் தட்டில் வைத்தார். நான் முழுவதையும் சொன்னேன். சுவிச், மஞ்சள் விளக்கு, பரல், என் கேள்வி எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இரவில எவ்வளவு சூட்டுக்குப் போயிருக்கும்?"

"தெரியாது மிஸி."

"மருந்து பழுதோ, நல்லதோ?"

"தெரியாது."

போலியோப் போத்தலிலாவது அந்தச் சதுரம் இருந்தது. சின்னமுத்து மருந்தில் ஒரு அடையாளமும் இல்லை. போட்டாகிவிட்டது. போத்தல்களும் எரித்தாகிவிட்டது. எந்தப் பிள்ளைக்கு நல்ல மருந்து போனது, எதற்குச் செத்த மருந்து போனது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"டீசலை மாசா மாசம் வந்து எண்ணினியள்" என்றார் மிஸி. "பிள்ளையளை எண்ணினனீங்களோ?" சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிறகு அலுமாரியைத் திறந்து பிள்ளைகளின் பெயர்க் கொப்பியை எடுத்து எண்ணத் தொடங்கினார். மூன்று கிளினிக்கிலுமாக முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.

அன்று பிற்பகல் வைத்தியர் வந்தார். திருப்பிப் போடலாம், அதனால் பிள்ளைக்குத் தீமை இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. "அப்ப 'மேலதிக ஊசி' எண்டு சொல்லிப் போடுவமே. தாய்மாரை ஏன் வீணாப் பயப்படுத்துவான்?" என்று கேட்டேன். வைத்தியர் மிஸியைப் பார்த்தார். வைத்தியருக்கும் அது பிடித்திருந்தது போலத்தான் எனக்குப் பட்டது.

"ஏலாது" என்றார் மிஸி. "பேந்து ஒரு நாளைக்கு வேற வாயால தெரிய வந்தால் நான் என்ன முகத்தோட அதுகளின்ர வீட்டுப் படலையைத் திறக்கிறது? வீடு வீடாப் போவம். தம்பி, நீங்களும் வாறியள். நடந்ததை நீங்கள்தான் சொல்லோணும்."

அதற்கிடையில் முத்துராசு எஞ்சினைப் போட முயன்றுகொண்டிருந்தார். மாதக்கணக்காகப் படுத்திருந்த எஞ்சின் எழும்பவில்லை. பரலின் சீலை உடைத்து, பில்ரரைக் கழற்றிக் கழுவி, இரண்டு பேருமாக மாறி மாறிச் சுற்றி, பொழுது சாயும்போதுதான் அது புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அந்த மாரியில் ஒரு பிரசவத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் இருவரும் வாய் திறந்து பேசவில்லை. அறிக்கையில் நான் கொடுத்த அறிவுறுத்தல் பிழை என்று எழுதினேன். அவருடைய வேலை போகவில்லை. சுவரில் இருந்த படத்தை நானே கழற்றினேன்.

மறுநாள் கிளினிக்குக்கு வந்த தாய்மாருக்கு வாசலில் வைத்தே சொன்னோம். மற்றவர்களைத் தேடிப் போனோம், புது மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு. என் மோட்டார் சைக்கிளில் பின்னால் மிஸி, அவர் மடியில் பெட்டி. நான்கு நாள் எடுத்தது. ஏனென்றால் பலர் நாயாற்றுக் கரையில் வாடி என்ற தற்காலிகக் குடில் போட்டு மீன்பிடித்த குடும்பங்கள். பருவம் முடிந்ததும் ஓலை வாடியைப் பிரித்துக்கொண்டு சொந்த ஊர்களுக்குக் கலைந்திருந்தார்கள்.

முதல் வீட்டில் நான் வோல்ற்றேஜ் என்றேன், இன்வேற்றர் என்றேன். அந்தத் தாய் என்னை விட்டுவிட்டு மிஸியைக் கேட்டார், "இவர் என்ன மிஸி சொல்லுறார்?" ஐந்தாவது வீட்டுக்குப் போவதற்குள் எனக்கு மூன்று வசனம் போதும் என்று தெரிந்துவிட்டது. ஊசி மருந்து வைச்சிருந்த பெட்டி இரவில நிண்டுபோச்சு. மருந்து பழுதாகியிருக்கலாம். பிழை மிஸியின்ர இல்லை, என்ர.

தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு முஸ்லிம் குடும்பம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, நாயாற்றில் கருவாட்டு வியாபாரம் செய்தவர்கள். அந்தத் தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "ஊசி போட்ட அண்டைக்கு ராவு முழுக்கப் புள்ளைக்குக் காச்சல். மருந்து வேலை செய்யாட்டிக் காச்சல் எப்படி வந்தது?" மிஸிதான் பொறுமையாக விளங்கப்படுத்தினார். காய்ச்சல் வந்ததால் மருந்து முழுதாக வேலை செய்தது என்று சொல்ல முடியாதாம். அந்தத் தாய் யோசித்தார். "அப்ப இன்னொரு ராவு முழிக்கச் சொல்லுறீங்க" என்றார். பிறகு பிள்ளையின் சட்டையைக் கழற்றினார். நான் வெளியே வந்து நின்றேன், பிள்ளை வீரிட்டு அழும் சத்தம் கேட்டது.

பெரும்பாலும் அப்படித்தான். திட்டினார்கள், பிள்ளையைத் தந்தார்கள். ஒரு தகப்பன் என் சேர்ட்டைப் பிடித்தார், அவரும் தந்தார். எனக்காகத் தரவில்லை, மிஸிக்காகத் தந்தார்கள்.

அந்த நாலு நாளுக்குப் பிறகு நான் எங்கே போனாலும் டீசல் எவ்வளவு மிச்சம் என்று கேட்டதில்லை. கடைசியாக எப்போது எஞ்சின் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று கேட்பேன். பரல் திறக்காமல் கிடந்தால் பயந்துபோய் வயர்களைத் தேடுவேன். தீவிலும் உங்களுக்கு ஒரு முத்துராசு கிடைப்பார், கட்டாயம் கிடைப்பார். தட்டுப்பாட்டில் வளர்ந்த கெட்டிக்காரர். நீங்கள் எதைக் கண்டு சிரிக்கிறீர்களோ அதை அவர் எப்படியாவது உங்களுக்குக் கொண்டுவந்து காட்டுவார். என்னைப் போல முதுகில் தட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் தொலைபேசியில் பச்சை எரிந்தாலும் ஒருமுறை வள்ளம் ஏறிப் போய், எப்படிப் பச்சையாக இருக்கிறது என்று கேளுங்கள்.

இதோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் நான் சொன்னது முப்பத்தேழு பிள்ளைகளின் கதை.

முப்பத்தெட்டாவது பிள்ளையின் வீடு முள்ளிவாய்க்காலில். நாங்கள் போனது நாலாம் நாள் பின்னேரம், மழை விட்டிருந்தது. வளவில் வலை காயப் போட்டிருந்தார்கள். தாய்க்கு இருபத்தைந்து வயதிருக்கும். பெண் குழந்தை, கார்த்திகைக் கிளினிக்கில் சின்னமுத்து ஊசி போட்டது. வலையின் மிதப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணலில் இருந்தது. மிஸி என்றுமில்லாமல் படலையில் கொஞ்சம் தயங்கினார். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் என் மூன்று வசனத்தைச் சொன்னேன். அந்தப் பெண் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இவளுக்கு முதல் எனக்கு ஒரு பெடியன் இருந்தவன்" என்றார். "ஐயாவுக்குத் தெரியாது, மிஸிக்குத் தெரியும். சின்னமுத்தில போனவன். அப்ப ஊசி வரேல்லை எண்டவை. சரி, தடை, வரேல்லை, ஆரைக் குறை சொல்லுறது? இவளுக்கு ஊசி வந்தது. வந்ததையும் பழுதாக்கிப் போட்டு வந்து நிக்கிறியள்."

"இது புது மருந்து பிள்ளை" என்றார் மிஸி. "நான் என்ர கையால எடுத்துக்கொண்டு வந்தனான்."

"அண்டைக்கும் நல்ல மருந்து எண்டுதானே போட்டனீங்கள் மிஸி?"

நான் எஞ்சின் இப்போது ஒவ்வொரு நாளும் ஓடுகிறது என்றேன், சுவிச்சைக் கழற்றிவிட்டேன் என்றேன், நானே நின்று பார்த்தேன் என்றேன். சொல்லச் சொல்ல, மாதா மாதம் போய் நின்று பார்த்த ஆளும் நான்தான் என்பது எனக்கே கேட்டது.

"இருங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் குசினிக்குள் போனார். இரண்டு பேருக்கும் வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து தந்தார். நாங்கள் குடித்தோம். அந்த நேரம் முழுக்க அவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். மிஸி இரண்டு தரம் கை நீட்டினார். பிள்ளை வரப் பார்த்தது, தாய் விடவில்லை.

படலை வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார். மிஸியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் வாங்கோ மிஸி, எப்பவும் வாங்கோ" என்றார். "பெட்டியை மட்டும் கொண்டு வராதேங்கோ."

மிஸி பிறகும் பல தரம் அந்த வீட்டுக்குப் போனதாகச் சொன்னார். பெட்டியோடு போனீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.